அடுத்து எந்த பீர்?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு, ஒரு கலன் நொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது எது என்ற யோசனை தொடங்கிவிடும். காய்ச்சுவதைவிட அந்த யோசனைதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

முதலில் தண்ணீரைக் கேட்க வேண்டும். செக் நாட்டின் பில்சென் நகரத் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. 1842-இல் யோசெஃப் குரோல் அங்கே காய்ச்சிய பொன்னிற லாகரின் மென்மைக்கு அதுவும் ஒரு காரணம். இங்கிலாந்தின் பர்ட்டனில் ஜிப்சம் கரைந்த தண்ணீர். ஹாப்ஸ் பூவின் கசப்பு அதில் கூர்மையாக எழும். டப்ளினின் சுண்ணாம்புத் தண்ணீருக்கோ கருக வறுத்த பார்லியின் அமிலம் ஈடுகொடுக்கும். ஸ்டவுட் அங்கே செழித்ததில் வியப்பென்ன!

பிறகு வானிலை. லாகர் ஈஸ்டுக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும், அதன்பின் வாரக்கணக்கில் பொறுமையும். ஏல் ஈஸ்ட் 20 டிகிரியில் நிம்மதியாக வேலை செய்யும். பெல்ஜியத்தின் செய்சோன் தனி ரகம். 30 டிகிரி வெப்பத்திலும் அதன் ஈஸ்ட் சளைக்காது. சர்க்கரையை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிட்டு, மிளகும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசத்தைத் தரும். நாக்கில் இனிப்பு தங்காத அந்த வறட்சி கோடைத் தாகத்துக்கு அற்புதம்.

புதிதாகத் தொடங்குபவர்கள், ஆசைப்பட்ட பீரைத் தேர்ந்தெடுக்கும் முன் அறையின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். குளிரூட்ட வசதியில்லாத ஐரோப்பிய வீட்டில், ஜூலை மாதத்துக்குச் செய்சோன்தான் சரி.