முகத்தை எப்போது காட்டுவது?

'மாங்கா' என்றதும் உப்பும் மிளகாய்த்தூளும் ஞாபகம் வருபவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: நான் பேச வந்தது ஜப்பானியச் சித்திரக் கதையைப் பற்றி. ஜேன் ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' 1813இல் வெளிவந்த நாவல். கனடாவின் உடான் நிறுவனம் 2014இல் அதை மாங்காவாக வெளியிட்டது. ஸ்டேசி கிங் தழுவி எழுத, போ ட்சே வரைந்திருக்கிறார். ஜப்பானிய வழக்கப்படி வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பெரிய கண்கள், லேஸ் வைத்த கவுன்கள், பின்னணியில் பூக்கள். பார்க்க அழகான புத்தகம்தான். ஆனால் ஒரு காதல் நாவலைப் படமாக்கும்போது எது கைநழுவுகிறது என்பதையும் இதில்தான் பார்த்தேன்.

எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தது இன்னொருத்தியின் வாசிப்பு. வடக்குப்பட்டில் எங்கள் மாடியில் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. ஜப்பானியக் கம்பெனிப் பலகைகள் இந்தச் சாலைக்குப் புதிதல்ல. இப்போது கம்பெனி பஸ்ஸுக்குள் தமிழ் டப்பிங்கில் அனிமேவும் ஓடுகிறது. அவர்களில் ஒருத்தி என்னிடம் இந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். இங்கிலீஷ் நாவல் என்றால் தொடவே மாட்டாள். ஒரு வார நைட் ஷிப்ட்டுக்குள் முடித்துவிட்டாள். இது சின்ன விஷயமில்லை. 'படம் போட்ட சுருக்கம்' என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் அவள் சொன்னது இது: "முதல் டான்ஸ்லயே தெரிஞ்சிடுச்சுக்கா, இவன்தான் ஹீரோன்னு. அந்தப் பொண்ணுக்குத்தான் ரொம்ப லேட்டாப் புரியுது."

நாவலில் அப்படி இல்லை. எலிசபெத்தின் கண்கள் டார்சியை ஈர்க்கத் தொடங்கியதை ஆஸ்டின் ஆரம்பத்திலேயே நமக்குச் சொல்லிவிடுகிறார். மறைப்பது அவன் யோக்கியதையை. விக்கம் இனிக்க இனிக்கப் பேசுகிறான், எலிசபெத் நம்புகிறாள், நாமும் நம்புகிறோம். அவளோடு சேர்ந்து வாசகரும் ஏமாறுவதில்தான் அந்த நாவலின் உயிர் இருக்கிறது. மாங்கா வாசகருக்கோ முகங்களின் இலக்கணம் மனப்பாடம். கூர்மையான தாடை, நெற்றியில் விழும் முடி, ஒரு முழுப் பக்கத்தில் தனி அறிமுகம் என்றால் அவன்தான் நாயகன். முகம் தீர்ப்பை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

டார்சியின் கடிதமும் அப்படித்தான். நாவலில் எலிசபெத் அதைப் படிக்கிறாள், நம்ப மறுக்கிறாள், மடித்து வைக்கிறாள், மறுபடி பிரித்து வரி வரியாக எடைபோடுகிறாள். எழுத்தைச் சந்தேகிக்க முடியும். அதே கடிதத்தை ஃபிளாஷ்பேக்காக வரைந்தால் கண் அதை நடந்ததாகவே எடுத்துக்கொள்ளும். சந்தேகத்துக்கு அங்கே இடமே இல்லை.

அப்படியென்றால் காதல் நாவலை வரையவே கூடாதா? ஜப்பானிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முரசாகி ஷிகிபு எழுதிய கெஞ்சியின் கதையை, வாக்கி யமாட்டோ 1979இல் தொடங்கி 1993 வரை 'அசாகியுமெமிஷி' என்று மாங்காவாக வரைந்தார். அது முகம் காட்டாத உலகம். உயர்குடிப் பெண்கள் மூங்கில் தட்டிக்கும் திரைச்சீலைக்கும் பின்னால் இருப்பார்கள். ஆண் காதலிப்பது கையெழுத்தை, வாத்திய ஓசையை, வாசனையை. அப்படித்தான் கெஞ்சி ஒரு பெண்ணைத் தேடிப் போகிறான். பனி பெய்த ஒரு காலையில்தான் அவள் நீண்ட சிவந்த மூக்கைப் பார்க்கிறான். முகத்தை இருட்டில் வைத்திருந்ததால்தான் அந்த அதிர்ச்சியும், அதன் பின்னால் வரும் பரிவும். யமாட்டோவின் பக்கங்களில் முகத்துக்குச் சமமாகக் கூந்தலும் உடையின் மடிப்பும் உதிரும் மலரும் பேசுகின்றன. எல்லாப் பாரத்தையும் அவர் முகத்தின் தலையில் ஏற்றவில்லை.

இதை நம் ஊர் நாவலில் வைத்துப் பார்ப்போம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வந்தபோதே மணியம் படம் வரைந்தார். நந்தினி என்றால் பலருக்கும் மணியம் வரைந்த கொண்டைதான் நினைவுக்கு வரும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் தழுவலாம். நிலா காமிக்ஸ் அதைச் சித்திரக் கதையாகக் கொண்டுவந்தது, 2022இலும் 2023இலும் திரைப்படமும் வந்தது. சரித்திர நாவல் என்று சொன்னாலும் அதன் அடிமுடிச்சு ஒரு காதல்தான்: சுந்தர சோழருக்கும் ஈழத்து ஊமைப் பெண் மந்தாகினிக்கும் இடையே நடந்தது. நந்தினியும் மந்தாகினியும் ஒரே முகஜாடை. அந்த ஜாடையைக் கல்கி அவசரப்படாமல் அவிழ்க்கிறார். எழுத்தில் அது சுலபம். 'ஒரு ஸ்திரீ' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். வரைபவர் என்ன செய்வார்? ஊமை ராணியை முதல் கட்டத்திலேயே நேர்முகமாக வரைந்தால் பல அத்தியாயங்களின் ரகசியம் ஒரே நொடியில் போச்சு. திரைப்படத்தில் இரண்டு வேடத்தையும் ஐஸ்வர்யா ராயே செய்தார். ஜாடை தெரிந்ததும் கேள்வி முடிந்துவிடுகிறது.

மாங்காவின் உண்மையான பலம் இங்கேதான் தேவைப்படும். இருட்டுத் தெருவில் சைகை செய்யும் ஒரு கை. யானை மேல் ஒரு நிழல். பேச்சுக் குமிழே இல்லாத நாலு பக்கம். பேச முடியாத ஒருத்தியை வரைய, பேச்சில்லாமல் கதை நகர்த்தப் பழகிய கலையைவிடப் பொருத்தமானது எது?

கல்கிக்கே இது தெரிந்திருக்க வேண்டும். மந்தாகினி அருள்மொழிவர்மனிடம் தன் கதையை எப்படிச் சொல்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். அவள் வரைந்து வைத்த சித்திரங்களைக் காட்டித்தான். தீவுக்கு வந்த இளவரசன், பாய்ந்த கரடி, பிறகு வந்த பிரிவு எல்லாம் வரிசையாக அதில் இருக்கின்றன. பொன்னியின் செல்வனை மாங்காவாக வரையப்போகிறவர் தஞ்சைக் கோட்டையிலிருந்தோ போர்க்களத்திலிருந்தோ தொடங்க வேண்டாம். அந்தச் சித்திரங்களிலிருந்து தொடங்கட்டும். வரைந்தவளின் முகத்தை மட்டும் கொஞ்சம் தாமதமாகக் காட்டட்டும்.