தோடியைத் தாங்கிய கிற்றார்

கொழும்புத் தமிழருக்குக் கிற்றார் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பைலாவும் பொப்பிசையுந்தான். 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் தமிழில் தொடங்கிவைத்த பாடல்களும், பிறகு ஏ. ஈ. மனோகரன் ஊரூராகக் கொண்டுபோன துள்ளிசையும் இந்தக் கருவியின் தட்டில் எழுந்தவை. கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களில் அது பாடகர் குழுவுக்குத் துணை. சாஸ்திரிய சங்கீதம் என்ற பேச்சு வந்தாலோ வெள்ளவத்தை வீடுகளில் வாய்ப்பாட்டு, வயலின், வீணை, மிருதங்கம் என்ற நான்கோடு பட்டியல் முடிந்துவிடும். வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்களை ஒவ்வொன்றாகக் கடந்து கலாவித்தகர் பட்டத்தை நோக்கிப் போகும் பிள்ளையும், திரினிற்றிப் பரீட்சைக்காக நைலோன் கம்பிக் கிற்றாரில் ஸ்பானிய இசை பழகும் பிள்ளையும் காலி வீதியை அண்டிய ஒரே ஒழுங்கையில் வசிக்கக்கூடும். ஒருவர் படிப்பதற்கும் மற்றவர் படிப்பதற்கும் தொடர்பே இல்லை என்றுதான் இருவரின் பெற்றோரும் நினைப்பார்கள். அந்த நினைப்பு பிழை என்பதற்கு ஆர். பிரசன்னாவின் இசை வாழ்க்கையைச் சான்றாகக் கொள்ளலாம்.

1970இல் பிறந்த பிரசன்னா தமிழ்நாட்டின் ராணிப்பேட்டையைச் சேர்ந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் கட்டுமானப் பொறியியல் படித்தார்; பின்னர் அமெரிக்காவின் பேர்க்ளி இசைக் கல்லூரிக்குச் சென்று மேற்கத்திய இசை கற்றார். கர்நாடக இசையைத் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் வயலின் மேதை ஏ. கன்னியாகுமரியிடமும் பயின்றார். இவ்விருவரில் எவரும் கிற்றார் வாசிப்பவர் அல்லர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கருவியின் வித்தையைக் குருவிடமிருந்து வாங்க வழியில்லாதபோது, ராகத்தை வாங்கிக்கொண்டு வித்தையைத் தானே தேட வேண்டியதாகிறது. அவருக்கு முன்பே சென்னையில் சுகுமார் பிரசாத் மின் கிற்றாரில் கச்சேரி செய்திருந்தார் என்பதையும் மறக்கலாகாது.

கிற்றாரைக் கர்நாடக இசைக்கு ஒவ்வாததாகச் சொல்பவர்கள் காட்டும் முதற் காரணம் அதன் மெட்டுகள். நிலையாகப் பதிக்கப்பட்ட மெட்டுகளுக்கு இடையில், ஸ்வரத்தை அசைக்கும் கமகம் எங்கே பிறக்கும் என்பது கேள்வி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதரின் கைக்கு வந்த வயலின் அத்தனை விரைவாக நம்முடையதாகிவிட்டதற்கு, அதில் மெட்டே இல்லாதது பெருங்காரணம் என்பது உண்மைதான். ஆனால் இந்த வாதத்தை வீணை உடைத்துவிடுகிறது. வீணையிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுகள் மெழுகில் பதிந்தே நிற்கின்றன. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே வைணிகர் கமகத்தை எடுக்கிறார். இழுத்தால் சுருதி ஏறும், இறங்காது. ஆகவே இறங்குமுகப் பிடிக்குக் கம்பியை முன்கூட்டியே இழுத்து வைத்து, மீட்டிய பிறகு மெல்லத் தளர்த்த வேண்டும். இந்த இலக்கணம் முழுவதும் கிற்றாருக்கும் அப்படியே பொருந்தும்.

வேறுபாடு அளவில்தான். வீணையின் மெட்டு உயரம், கம்பி நீளம். ஒரே இழுப்பில் நான்கு, ஐந்து ஸ்வரஸ்தானங்களைத் தாண்ட முடிகிறது. மின் கிற்றாரின் மெல்லிய உருக்குக் கம்பியில் இரண்டு ஸ்தானங்கள் இலகு, மூன்று சிரமம், அதற்கு மேல் ஆபத்து. நைலோன் கம்பியில் அதுவும் கிடையாது. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். அது தன் ஸ்தானத்தில் அசையாமல் நின்றால் தோடியே இல்லை. ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமத்தின் பக்கம்வரை அது அசைய வேண்டும். அந்தத் தூரம் நான்கு ஸ்தானங்கள். வைணிகர் ஒரே இழுப்பில் காட்டுவதைக் கிற்றாரில் பங்கு பிரிக்க வேண்டியிருக்கிறது: ஒரு பகுதி விரலைச் சறுக்கி, மீதி கம்பியை இழுத்து. சறுக்கும்போது இடையிலுள்ள மெட்டுகள் படிப்படியாக ஒலித்துவிடக் கூடாது. சறுக்கல் முடிந்து இழுப்பு தொடங்கும் பொருத்தும் காதுக்குத் தெரியக் கூடாது. பிரசன்னாவின் கலை குடியிருப்பது அந்தப் பொருத்தில் என்பேன். எங்கே சறுக்குவது, எங்கே இழுப்பது என்பதை எந்தக் கிற்றார்ப் பாடநூலும் சொல்லாது. அந்தப் பிடியைப் பாடிப் பார்த்தவருக்கே தெரியும்.

மற்ற மேதைகள் இதே சிக்கலைக் கருவியை மாற்றித் தீர்த்தார்கள். வடக்கே பிரிஜ் பூஷன் கப்ரா கிற்றாரைக் கிடத்தி, உருக்குத் துண்டால் கம்பிமீது சறுக்கி, மெட்டுகளையே தேவையற்றதாக்கினார். விஸ்வ மோகன் பட் மேலும் கம்பிகள் சேர்த்து அதை மோகன வீணையாக்கினார். மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்கு வந்தார். ஜோன் மக்லோக்லின் சக்தி குழுவுக்காக, மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குடைந்தெடுத்து, அனுநாதக் கம்பிகள் ஏழு பூட்டிய கிற்றாரைச் செய்வித்தார். (அக்குழுவில் அவருக்கு அருகே வயலினோடு அமர்ந்த எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயணாவின் மகன்; 1958 வன்செயலுக்குப் பிறகு சென்னைக்குப் பெயர்ந்த குடும்பம் அது. நம் மண் இழந்தவற்றின் கணக்கில் அந்த வீட்டையும் சேர்க்க வேண்டும்.) இம்மாற்றங்களில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சாதாரண மெட்டுகளோடு கூடிய கிற்றாரை வைத்துக்கொண்டு முழுப் பாரத்தையும் இடக்கையில் ஏற்றியதால், பிரசன்னாவின் வழி ஒன்றை ஐயமின்றிக் காட்டிவிடுகிறது: சாஸ்திரியம் இருப்பது வாசிப்பவரின் ராக ஞானத்தில்.

மின்சாரம் பற்றிய மறுப்பு அடுத்தது. ஒலிபெருக்கியின் துணையின்றி வாழாத நாதம் எப்படிச் சாஸ்திரிய நாதமாகும் என்கிறார்கள். வீணையிலும் வாய்ப்பாட்டிலும் ஒலிவாங்கி இல்லாத கச்சேரி இன்று அரிது. அதைவிட வலுவான பதில் ஒன்றுண்டு. ஒரு மீட்டில் பல ஸ்வரங்கள் ஓட வேண்டுமென்றால் அந்த மீட்டின் ஒலி நீண்டு நிற்க வேண்டும். மரக் கிற்றாரில் அது சீக்கிரம் மடிந்துவிடும். சங்கதி நடுவே அறுபடாமல் பாடுவதுபோல் நீள்வதற்கு மின் ஒலிவாங்கி இங்கே கமகத்தின் கருவியாகவே வேலை செய்கிறது. மின்சாரத்தை ஏற்றவர் கிற்றாரின் வேறொரு பலத்தை விலக்கியும் வைக்கிறார். ஸ்பெயினின் ஆந்திரே செகோவியா (1893–1987) கிற்றாரைக் கச்சேரி மண்டபத்துக்குத் தகுதியாக்கியது ஒரே கையில் பல குரல்களை இணைத்து நடத்தும் ஆற்றலால். பிரசன்னா கீர்த்தனை வாசிக்கையில் அந்தப் பெருஞ்செல்வத்தை ஒதுக்கிவைத்து ஒற்றை இழையாக நடக்கிறார். பேர்க்ளியில் கற்ற ஸ்வரக்கூட்டுகளை அள்ளித் தெளிக்கத் தெரிந்தவர் அவற்றைத் தொடாமலிருப்பது சாதாரணக் கட்டுப்பாடல்ல.

ஜிமி ஹென்ட்றிக்ஸை நினைவுகூர்ந்து 2006இல் ‘எலெக்ற்றிக் கணேஷா லாண்ட்’ இசைத்தட்டை வெளியிட்டவர், பியானோ வாசிக்கும் விஜய் ஐயரோடும் தபலா வாசிக்கும் நிதின் மித்தாவோடும் 2011இல் ‘தீர்த்தா’வைத் தந்தவர், ஒஸ்கார் வென்ற ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசையமைத்தவர் எப்படிச் சுத்தக் கர்நாடகக் கலைஞராவார் என்று கேட்பவர்களும் உண்டு. ஒருவர் எத்தனை இசையில் வாசிக்கிறார் என்பதை வைத்து அவருடைய தோடியை அளக்க முடியாது; தோடியைக் கேட்டுத்தான் அளக்க வேண்டும். ஒன்றை மற்றதற்குள் கசியவிடுகிறாரா என்பதே நியாயமான கேள்வி. கீர்த்தனையில் அவர் கசியவிடுவதில்லை.

குறைகளும் இருக்கின்றன. மிக விளம்பமான காலத்தில், மந்திர ஸ்தாயியில் வீணை தரும் கனமும் ஆழமும் கிற்றாரில் இல்லை. அதை யாராலும் வரவழைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஸ்ரீநிவாஸுக்குப் பின் மாண்டலினை எடுத்த இளையோரைப் போல் கிற்றாருக்கு ஒரு பரம்பரை இன்னும் திரளவில்லை. 2010இல் சென்னைக்குத் தெற்கே தொடங்கிய ஸ்வர்ணபூமி இசைக் கழகத்துக்குப் பிரசன்னா தலைமை தாங்கினார். ஆயினும் தனியொருவரின் கைத்திறன் பலருடைய பாடமாக மாறுவதற்குப் பள்ளி மட்டும் போதாது. வாய்ப்பாட்டு ஆசிரியர்கள் கிற்றாரோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாமலிருக்க வேண்டும்.

அந்த ஆசிரியர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிறையவே இருக்கிறார்கள். கிற்றார் பழகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெற்றோரிடம் கேட்பது ஒன்றுதான்: பிள்ளை கிற்றாரை விட வேண்டாம், வீணைக்கு மாறவும் வேண்டாம், கிழமையில் ஒரு நாள் வாய்ப்பாட்டு வகுப்புக்கும் அனுப்புங்கள். சரளிவரிசையைப் பாடிய பிறகு அதையே கம்பியில் தேடட்டும்.