முக்காலே மூணு வீசம்

அக்கா மகள் ஆறாவது படிக்கிறாள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்புப் பேனாவில் பெரிய தப்புக் குறி. "மேல இருக்கறத மேல கூட்டினேன், கீழ இருக்கறத கீழ கூட்டினேன். இதுல என்ன தப்பு மாமா?" மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்கணும்மா என்று ஆரம்பித்தேன். "அது தெரியும். ஏன் கண்டுபிடிக்கணும்?" பொறியியல் பட்டம், பத்து வருஷமாகக் கோடு எழுதிப் பிழைப்பு. எனக்குப் பதில் வரவில்லை.

அவள் போட்டது முட்டாள்தனமான தப்பு இல்லை. ஒரு அணி முதலில் இரண்டு மேட்சில் ஒன்று ஜெயிக்கிறது, அடுத்த மூன்றில் ஒன்று ஜெயிக்கிறது. மொத்தம் ஐந்தில் இரண்டு. 2/5. அவள் விடை சரிதான், கேள்விதான் வேறு. அரையோடு எதையோ சேர்த்த பிறகு அது அரையைவிடக் குறைந்திருக்கிறதே என்று யாராவது கேட்டிருந்தால் அவளே பிடித்திருப்பாள். சிவப்புக் குறி அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் பாடநூலில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: ஓரினப் பின்னம், வேற்றினப் பின்னம். விளக்கம் முழுக்க அந்த 'இன'த்துக்குள் இருக்கிறது. அரை ஒரு அளவுத் துண்டு, மூன்றில் ஒன்று வேறு அளவுத் துண்டு. இரண்டையும் ஆறில் ஒன்று என்கிற ஒரே இனமாக வெட்டினால் இங்கே மூன்று துண்டு, அங்கே இரண்டு துண்டு. ஐந்து துண்டு, 5/6. இவ்வளவு நல்ல சொல்லை வரையறையாக ஒப்பிக்கவைத்துவிட்டு, அடுத்த வகுப்பிலேயே குறுக்கே பெருக்கு, கீழே பெருக்கு என்று சொல்லிக்கொடுத்தால் சொல் எதற்கு?

இந்த இடத்தில் நம் வாட்ஸ்அப் பெருமிதத்தையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. முந்திரி, காணி, மா, வீசம் என்று ஒரு பட்டியல் வருஷத்துக்கு நாலு தடவை வரும். கீழ்முந்திரி, இம்மி என்று இறங்கி அணு வரைக்கும் போகும். நம் முன்னோர் அறியாதது உண்டா என்று முடியும். பகிர்பவர்கள் அதை வைத்து ஒரு கூட்டலாவது போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. போட்டிருந்தால் பெருமைப்பட வேறு விஷயம் கிடைத்திருக்கும்.

முந்திரி என்பது 320-ல் ஒன்று. அரைக்காணி 2 முந்திரி, காணி 4, மா 16, மாகாணி என்கிற வீசம் 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160. எல்லாம் முந்திரியின் முழு மடங்கு. அதாவது எண்சுவடிக்காரனுக்கு வேற்றினம் என்ற தொல்லையே இல்லை, பெயரிலேயே ஓரினம். முக்காலை முக்காலால் பெருக்கினால் 9/16. சுவடிப் பேச்சில் அது அரையே மாகாணி. பின்னம் அங்கே கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கும் இரண்டு எண் இல்லை, வாயால் சொல்லும் ஒரு கூட்டல். "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்று இன்றும் சொல்கிறோமே, அது 15/16. 1957 ஏப்ரலில் தசம நாணயம் வரும்வரை ரூபாய்க்குப் பதினாறு அணா. வீசம் என்றால் கையில் ஒரு அணா.

இப்போது என் தொழில் சங்கதி. பெரும்பாலான நிரல் மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று வரும். கணினிக்கு இரண்டின் அடுக்குகள்தான் தெரியும். பத்தில் ஒன்று அதற்குள் முழுசாக அடங்காது. எண்சுவடியில் பத்தில் ஒன்று இருமா, ஐந்தில் ஒன்று நாலுமா. கூட்டினால் ஆறுமா, அதாவது காலே ஒருமா. பிசிறே இல்லை. 320-க்குள் ஆறு இரண்டுகளோடு ஒரு ஐந்தும் உட்கார்ந்திருப்பதால் கிடைத்த வசதி இது. இன்னும் சின்ன அளவு வேண்டுமென்றால் 'கீழ்' என்று முன்னால் போட்டு மறுபடி 320-ஆல் வகுப்பார்கள். ஃப்ளோட்டிங் பாயிண்ட் எண்ணின் அடுக்கு செய்யும் அதே வேலை. 2019-ல் யூனிகோட் 12.0 இந்தப் பின்னக் குறிகளை ஏற்றுக்கொண்டபோது 'கீழ்' குறிக்கும் தனி இடம் கொடுத்தது. என் போனில் இன்னும் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது, அது வேறு கதை.

ஆனால் 320-க்குள் மூன்று இல்லை. ஒன்றை மூன்றாகப் பிரித்தால் 106 முந்திரி, மிச்சம் முக்கால் முந்திரிக்கும் சற்றுக் குறைவு. அதைக் கீழ்முந்திரியாக உடைத்தால் 213, அப்புறமும் மிச்சம். கணினி பத்தில் ஒன்றிடம் தோற்பதுபோல இது மூன்றில் ஒன்றிடம் தோற்கிறது. 'மூன்றில் ஒரு பங்கு' என்று சொல்லும் வழி தமிழில் எப்போதும் உண்டு, ஆனால் அது இந்த வரிசையில் உட்காராது. ஃபார்வர்டுகளில் இந்தத் தோல்வி வருவதில்லை. எனக்கோ, எந்த வகுத்தல்கள் வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று யாரோ முடிவெடுத்த இடம் தெரிவது அங்கேதான்.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். மா, காணி எல்லாம் பிடித்துப்போய்விட்டது. 5/6-ஐச் சுவடி முறையில் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தாள். முக்கால் போட்டாள், அது 240. அப்புறம் மாகாணி, காணி, அரைக்காணி. மொத்தம் 266. பேனாவைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு பக்கத்தில், "அப்புறம் கொஞ்சம்" என்று எழுதினாள்.