சட்டாம்பிள்ளை வரையும் கோபுரம்

தூரத்தையும் ஆழத்தையும் தாளில் காட்டும் பெர்ஸ்பெக்டிவ் முறையைக் கற்றவர் அதை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தால் பாடம் தமக்கே பதியும் என்பார்கள். இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளைதான் சின்னவர்களுக்குப் பாடம் சொன்னான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார்; மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலால் 'மதராஸ் முறை' இங்கிலாந்திலும் பரவியது. எழுத்துக்குக் கைகொடுத்த முறை ஓவியத்துக்கும் உதவுமா?

உதவும். வரைகிறவருக்குக் கைப்பழக்கம் போதும். சொல்லித்தருபவருக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். கடலூர் சில்வர் பீச்சில் ஒருவருக்குக் கண்மட்டக் கோட்டை விளக்கிப் பாருங்கள். சமதளமான மணலில் நம் உயரமுள்ளவர்கள் பக்கத்தில் நின்றாலும் தள்ளி நின்றாலும், அவர்கள் கண்கள் தொடுவானத்தை ஒட்டியே இருக்கும். நாம் உட்கார்ந்ததும் தொடுவானம் அவர்கள் இடுப்பளவுக்கு இறங்கிவிடும். "ஏன் இறங்கியது?" என்று எதிரே இருப்பவர் கேட்கும்போதுதான், அந்தக் கோடு கடலைச் சேர்ந்ததல்ல, பார்ப்பவர் கண்ணைச் சேர்ந்தது என்பது சொல்பவருக்கே உறைக்கிறது. ஃப்ளோரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி செய்துகாட்டிய பெர்ஸ்பெக்டிவ் வித்தையும், 1435இல் அறிஞர் ஆல்பர்ட்டி பிறருக்காக எழுதியபோதுதான் விதிகளாகத் திரண்டது.

ஆனால் இந்த முறையின் பழுது சிதம்பரத்தில் தெரியும். கீழ சன்னதியில் நின்று கிழக்குக் கோபுரத்தைப் பார்த்தால், தெருவின் இரு ஓரங்களும் உள்நோக்கிக் குவிகின்றன. கோபுரமும் மேலே போகப்போக ஒடுங்குகிறது. முன்னது கண்ணின் வேலை, பின்னது ஸ்தபதியின் வேலை. ஏழு நிலைகளும் ஒன்றைவிட ஒன்று சிறிதாகவே கட்டப்பட்டவை. அரைகுறையாகக் கற்றவரோ இரண்டையும், இணைகோடுகள் சந்திப்பதாகத் தோன்றும் 'மறையும் புள்ளி' என்ற ஒரே விதிக்குள் அடைத்துவிடுவார். கேட்பவரும் "புரிந்தது" என்று தலையாட்டுவார். தவறு இரண்டு பேருடையதாகிவிடும். சொன்னவருக்கோ அது இன்னும் உறுதிப்படும். தெளிவாக விளக்கினோம் என்பதற்காக விளக்கியது சரியாகிவிடாது.

நல்ல வேளையாக, பெர்ஸ்பெக்டிவில் இந்த இருவருக்கும் வெளியே ஒரு நடுவர் உண்டு. ஒரு கண்ணாடிப் பலகையைச் செங்குத்தாக நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, தலையை அசைக்காமல் தெருவையும் கோபுரத்தையும் மார்க்கரால் அதன்மேலேயே வரையலாம். தெருவின் ஓரங்களை நீட்டினால் கண்மட்டத்தில் சந்திக்கும். தெருவில் தெரியும் தூண்கள் செங்குத்தாகவே நிற்கும். கோபுரம் மட்டும் எவ்வளவு பின்னே போய் வரைந்தாலும் ஒடுங்கியே இருக்கும். விதிக்கும் கட்டடத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கே யாருடைய வாய்ச்சொல்லும் இல்லாமல் விளங்கிவிடும்.

ஆகவே கற்பித்துக் கற்பதைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் சொல்லி முடித்ததோடு பாடத்தை முடிக்கக் கூடாது. சொன்னவரும் கேட்டவரும் ஒரே காட்சியைக் கண்ணாடியில் வரைந்து ஒப்பிட வேண்டும். அந்தச் சோதனை இல்லையென்றால் இந்த முறை அறிவைவிடத் தன்னம்பிக்கையைத்தான் அதிகம் வளர்க்கும்.