நரைக்கும் மரம்

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு 'டெக்' தெரிந்திருக்கும். வீட்டின் பின்புறம் மரப்பலகைகளால் சற்று உயர்த்திப் போட்ட மேடை. நம் திண்ணைக்குத் தூரத்து உறவு. திண்ணை தெருவைப் பார்க்கும்; இது தோட்டத்தைப் பார்க்கும். பெரும்பாலும் கூரை கிடையாது. வெயில், மழை, பனி எல்லாம் அதன் தலையில். அதனால் சில வருஷங்களுக்கு ஒருமுறை 'ஸ்டெயின்' அடித்தாக வேண்டும். என்ன கலர் என்பதில்தான் குடும்பச் சண்டை.

கடையில் தரும் கலர் அட்டையைப் படிப்பது ஓர் இலக்கிய அனுபவம். ஸீடார், ரெட்வுட், மஹோகனி, தேக்கு என்று பெயர்கள். அடிக்கப் போவது என்னவோ பல வீடுகளில் பைன் மரத்தில். செல் அரிக்காமலிருக்கத் தாமிர மருந்து ஏற்றி, லேசாகப் பச்சை பாய்ந்த மலிவான பைன். ஏழைக்கு ராஜபார்ட் வேஷம்!

அதே அட்டையில் ஒரு சாம்பல் நிறமும் இருக்கும். வெயிலில் வெளுத்த பழைய மரத்தின் நிறம். நாம் டை அடித்து நரையை மறைக்கிறோம். இவர்கள் நரையை டப்பாவில் வாங்குகிறார்கள்.

இந்த ஆசைக்குக் கௌரவமான முன்னோடி ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் ஸனோமா கடற்கரையில் 1965-ல் கட்டிய ஸீ ராஞ்ச் அடுக்குக் குடியிருப்பு. சார்லஸ் மூர், டான்லின் லிண்டன், வில்லியம் டர்ன்புல், ரிச்சர்ட் விட்டேக்கர் நான்கு பேரும் சேர்ந்து வடிவமைத்தது. வெளிச்சுவருக்கு ரெட்வுட் பலகைகளைச் செங்குத்தாக அடித்து, பெயிண்ட் பூசாமல் விட்டுவிட்டார்கள். மீதி வேலையைக் கடற்காற்றும் மூடுபனியும் பார்த்துக்கொண்டன. படத்தில் பார்த்தாலே தெரியும், கட்டடம் பாறையோடு பாறையாக அடங்கி நிற்கிறது. 1991-ல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கம், காலத்தைத் தாண்டி நின்ற கட்டடத்துக்கான 25 ஆண்டு விருதை இதற்குக் கொடுத்தது.

கொடுக்க வேண்டியதுதான். என் புகார் ஸீ ராஞ்ச் மேல் இல்லை. அதன் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, காரணத்தைப் பார்க்காதவர்கள் மேல்.

மரம் ஏன் நரைக்கிறது? நார்களை ஒட்ட வைக்கும் லிக்னின் என்கிற பசையைப் புற ஊதாக் கதிர் உடைக்கிறது. மழை அதைக் கழுவிவிடுகிறது. மிஞ்சும் வெளுத்த நாரைத்தான் நாம் சாம்பல் என்கிறோம். ஸ்டெயினில் உள்ள நிறத்தூள் அந்தக் கதிருக்குக் குடை. தூள் கூடினால் பாதுகாப்பு கூடும்; மரத்தின் ரேகை மறையும். ஆகவே கலர் என்பது வெறும் ரசனை சமாசாரம் இல்லை.

ஸீ ராஞ்ச் சுவர் நிற்கிற மரம். தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மேலும் வைரம் பாய்ந்த ரெட்வுட் சுலபத்தில் உளுத்துப் போகாது. டெக்கோ படுத்த மரம். அதன்மேல் மழை தேங்கும், நாற்காலி இழுபடும், பேரன் வெறுங்காலோடு ஓடுவான். பைனை அப்படியே நரைக்க விட்டால் வெடிப்பு விட்டுச் சிலாம்பு கிளம்பும். சிலாம்பு ஏறிய குழந்தையிடம் கட்டடக்கலை பேச முடியாது.

சரி, என்னதான் அடிப்பது? நிறமே இல்லாத தெளிவான ரகம் நரையை அதிக நாள் தள்ளிப்போடாது. மரத்தையே மறைக்கும் 'ஸாலிட்' ரகம் காலடி படுகிற இடத்தில் தோலாக உரியும். பிறகு உட்கார்ந்து சுரண்ட வேண்டும். நடுவில் இருக்கும் 'ஸெமி டிரான்ஸ்பரன்ட்' தேவலை. இரண்டு மூன்று வருஷத்தில் மங்கும், ஆனால் கௌரவமாக மங்கும். கழுவிவிட்டு மேலேயே மறுபடி அடிக்கலாம். ரொம்பக் கறுப்பாக வேண்டாம், கோடையில் கால் பொசுங்கும். அட்டையை நம்பாமல், உங்கள் பலகையிலேயே ஒரு மூலையில் அடித்து, காலை வெயிலில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பாருங்கள். ஒரே டப்பா வேறு மரத்தில் வேறு நிறம் காட்டும்.

டப்பாவில் மஹோகனி என்று போட்டிருந்தாலும் பரவாயில்லை, வாங்குங்கள். விருந்தாளி யாராவது ''மஹோகனியா?'' என்று கேட்டால் மட்டும், ''பைன் சார்'' என்று சொல்லிவிடுங்கள்.