பிரேக்கிங் அவே: களத்துக்கு வெளியே தோற்றவர்கள்

விளையாட்டுப் படங்களில் கனவு உடைவது பெரும்பாலும் ஆட்டத்துக்குள்தான். கடைசி நிமிடத்திலோ கடைசிச் சுற்றிலோ. பீட்டர் யேட்ஸ் இயக்கிய 'பிரேக்கிங் அவே' (1979) அதைவிடக் கசப்பான தோல்வியைப் பேசுகிறது: களத்துக்குள் கால்வைக்கவே முடியாதவர்களின் தோல்வி. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள புளூமிங்டன் நகரில் டேவ், மைக், சிரில், மூச்சர் என நான்கு நண்பர்கள். பள்ளி முடிந்துவிட்டது, மேற்கொண்டு என்ன என்று தெரியாமல், தண்ணீர் தேங்கிய பழைய கல்குவாரியில் குதித்துப் பொழுதைக் கழிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் வெட்டிக் கொடுத்த சுண்ணாம்புக்கல்லால் எழுந்தது அங்குள்ள பல்கலைக்கழகம். அதன் மாணவர்களுக்கோ கல்வெட்டிகளின் பிள்ளைகளான இவர்கள் வெறும் 'கட்டர்கள்'.

இத்தாலிய சைக்கிள் வீரர்களைத் தெய்வமாகக் கொண்டாடுகிறவன் டேவ். அவர்கள் பந்தயத்துக்கு வந்தபோது அவர்களுக்கு ஈடுகொடுத்து ஓட்டுகிறான். பொறுக்காத ஒரு வீரன் காற்றடிக்கும் பம்பை அவன் சக்கரத்துக்குள் செருகி விழவைக்கிறான். வலித்தாலும், தன்னை ஏமாற்றியது யார் என்று டேவுக்குத் தெரியும். மைக்கின் கதை வேறு. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆட்டத்தை வழிநடத்தும் குவாட்டர்பேக்காக இருந்தவன், இன்று பல்கலைக்கழக அணியின் பயிற்சியை வெளியிலிருந்து பார்க்கிறான். இனி ஆண்டுதோறும் வேறொரு பையனின் பெயர்தான் செய்தித்தாளில் வரும் என்று அவனுக்குப் புரிகிறது. அவனை யாரும் தள்ளிவிடவில்லை, வாதாட நடுவரும் இல்லை. மைக்காக நடித்த டென்னிஸ் குவெய்ட் படம் முழுக்கக் காட்டும் அந்த முரட்டுக் கோபம் இங்கிருந்துதான் பிறக்கிறது. உதவித்தொகை கிடைக்காமல் போன சிரில் அதே வலியைக் கேலிப்பேச்சில் மறைக்கிறான்.

இறுதியில் பல்கலைக்கழகத்தின் 'லிட்டில் 500' சைக்கிள் பந்தயம் இவர்களுக்கும் திறக்கிறது: 200 சுற்று, 50 மைல், அணிக்கு நால்வர். கட்டர்கள் வெல்கிறார்கள். இவ்வளவு கசப்பைச் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கையில் கொடுப்பது வசதியான சமாதானம் இல்லையா என்று கேட்கலாம். ஆனால் அந்த வெற்றியின் அளவைப் பாருங்கள். அது ஒரு வளாகத்தின் பந்தயம். அதனால் மைக் குவாட்டர்பேக் ஆகப்போவதில்லை, மூடிய குவாரி திறக்கப்போவதுமில்லை. டேவ் ஒருவனே பெரும்பாலான சுற்றுகளை ஓட்டுவது நம்பும்படி இல்லை என்று இன்னொரு குறையும் சொல்லலாம். ஆனால் அது நிஜத்தில் நடந்ததுதான்: 1962 லிட்டில் 500 பந்தயத்தில் டேவ் பிளேஸ் என்ற மாணவர் 139 சுற்றுகளை ஓட்டித் தன் அணியை வெல்லவைத்தார். அதே அணியில் இருந்த ஸ்டீவ் டெசிக்தான் இந்தத் திரைக்கதையை எழுதி ஆஸ்கர் வாங்கியவர்.

படத்தின் மையம் அந்தத் தனியாள் சாகசத்தில் இல்லை. டேவ் அடிபட்டு இறங்கியதும், சைக்கிள் பந்தயத்தில் பழக்கமே இல்லாத மற்ற மூவரும் மாறி மாறி ஏறுகிறார்கள். முன்னிலை கரைகிறது, ஆனாலும் பார்வையாளர் வரிசையிலேயே காலம் கழித்தவர்கள் முதன்முறையாகத் தடத்தில் இருக்கிறார்கள். தோற்பதற்கும் முதலில் இடம் கிடைக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன விளையாட்டுப் படங்கள் குறைவு. பார்க்கிறவர்கள் டேவின் கடைசிச் சுற்றோடு, நண்பர்கள் பின்தங்கி ஓட்டும் அந்தச் சில சுற்றுகளையும் கவனியுங்கள்.