முப்பது லட்சம் மாணவர்களும் ஒரு விடைத்தாளும்

உலகில் அதிக மாணவர்களைக் கொண்ட பல்கலைக்கழகங்களைப் பட்டியலிட்டால், டெல்லி மைதான்கடியைத் தலைமையிடமாகக் கொண்ட இக்னோ முன்வரிசையில் நிற்கும். 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1987இல் இரண்டே படிப்புகளோடும் ஏறத்தாழ நாலரை ஆயிரம் மாணவர்களோடும் பாடம் நடத்தத் தொடங்கியது. இன்று அது சொல்லும் கணக்கு முப்பது லட்சத்துக்கும் மேல்.

திருமணத்தோடு படிப்பை நிறுத்திய பெண், எல்லையில் பணியாற்றும் ராணுவ வீரர், பதவி உயர்வுக்குப் பட்டம் வேண்டும் எழுத்தர், திகார் சிறைக் கைதி என்று பலரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். வழக்கமான கல்லூரிகளின் கதவு இவர்களில் பலருக்குத் திறந்திருக்காது. மூன்றாண்டுப் பி.ஏ.வை முடிக்க ஆறாண்டு வரை அவகாசம் உண்டு. ஜூனில் விட்ட தேர்வை டிசம்பரில் எழுதலாம். கூலி வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு இந்த அவகாசம்தான் பட்டத்துக்கான வழி.

இக்னோவின் பெருஞ்சாதனை அதன் பாடநூல்கள். எந்த அலகைப் பிரித்தாலும், இதைப் படித்து முடித்தால் உங்களுக்கு என்னென்ன தெரிந்திருக்கும் என்று முதலில் சொல்கிறது. சில பக்கங்கள் தாண்டியதும் ஒரு கேள்வி. விடை எழுதக் கீழே வெற்றுக் கோடுகள். சரிபார்க்க அலகின் முடிவில் குறிப்புகள். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் படிப்பவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குத் தயாராகிறவர்கள், இக்னோவில் சேராமலே, இவற்றைத் தேடிப் படிப்பது சும்மா இல்லை.

1996இல் கல்வியாளர் ஜான் டேனியல் எழுதிய நூல், லட்சம் மாணவர்களைத் தாண்டிய இத்தகைய நிறுவனங்களுக்கு மாபெரும் பல்கலைக்கழகங்கள் என்று பெயரிட்டது. பலருக்குக் கல்வி, நல்ல கல்வி, மலிவான கல்வி மூன்றும் ஒருசேரச் சாத்தியம் என்பது அவர் வாதம். புத்தகத்தைப் பொறுத்தவரை அது சரி. ஒருமுறை நன்றாக எழுதிவிட்டால், அச்சடிக்க அச்சடிக்கப் பிரதிக்கான செலவு குறையும். விடைத்தாள் திருத்துவதில் இந்தக் கணக்கு உதவாது. லட்சமாவது தாளையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தாக வேண்டும்.

இக்னோ சறுக்குவதும் அங்கேதான். பெரும்பாலான பாடங்களில் முப்பது விழுக்காடு மதிப்பெண் அசைன்மென்டுக்கு. மாணவர் கைப்பட எழுதித் தன் படிப்பு மையத்தில் கொடுப்பதைப் பகுதிநேர ஆசிரியர் படித்து, ஓரத்தில் கருத்தெழுதித் திருப்பித் தரவேண்டும். முகம் பார்க்காத இருவரிடையே நடக்கும் உரையாடல் அது. ஆனால் இணையத்தில் தேடினால், எந்தப் பாடத்துக்கும் எழுதி முடித்த அசைன்மென்ட் விலைக்குக் கிடைக்கிறது. கையெழுத்தில் எழுதித் தரவும் ஆள் உண்டு. மாணவர் சோம்பேறி என்று இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தான் எழுதியதை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பது ஓரக் குறிப்பில் தெரிந்தால், அடுத்த அசைன்மென்டைப் பணம் கொடுத்து வாங்கக் கை கூசும். வெறும் மதிப்பெண் மட்டும் வந்தால், அதுவும் மாதங்கள் கழித்து வந்தால், யாருக்காக எழுதுவது?

மொழி இன்னொரு தடை. பெரும்பாலான படிப்புகள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே உள்ளன. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவருக்கு, அந்த அருமையான புத்தகம் பாதி மூடியே இருக்கிறது.

சேர்க்கை எண்ணிக்கையைச் சாதனையாக அறிவிக்கும் வழக்கத்தை இக்னோ கைவிட வேண்டும். ஒவ்வோராண்டும் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் முதல் தேர்வோடு காணாமல் போனார்கள், எத்தனை அசைன்மென்டுகள் கருத்துரையோடு திரும்பின என்பதை மையவாரியாக வெளியிடட்டும். தாளுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி தருவதை விட்டு, கருத்தெழுத ஆகும் நேரத்துக்கும் சேர்த்து ஆசிரியருக்கு ஊதியம் தரட்டும். இதற்குப் பணமில்லை என்றால், அடுத்த ஆண்டுச் சேர்க்கையைக் குறைப்பதே நேர்மை.